நால்வர் சுமந்த கட்டில்

பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். அந்நாளையே உலக நோயாளர் தினமாக 1992ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்படுத்தினார். 1993 முதல் ஆண்டுதோறும் அது கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று நம் கோயில்களில் முதியோரும் நோயுற்றோரும் முன்வரிசையில் அமர்த்தப்படுகின்றனர். குருவானவர் அவர்களது நெற்றியிலும் கரங்களிலும் புனித எண்ணெய் பூசுகிறார். அருகில் நிற்கும் வீட்டார், "ஆண்டவரே, இவருக்குச் சுகம் தாரும்" என்று மனத்துக்குள் மன்றாடுகின்றனர்.

அந்த மன்றாட்டின் பொருள் என்ன? செபத்தால் நோய் தீருமா? தீருமென்றால் மருத்துவர் எதற்கு? தீராவிட்டால் செபித்ததெல்லாம் வீண்தானா? நோய் நுழைந்த எந்த வீட்டிலும் இக்கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. இவற்றுக்கு விடை காணுமுன், நம் வேலூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே ஓங்கி நிற்கும் ஜவ்வாது மலைக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

மலையும் தூளியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தினையும் விளைவித்து, புளியும் தேனும் பலாவும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தாயகம் அது. சமவெளியிலிருந்து செல்வோர் ஜமுனாமரத்தூர் வழியாகப் பீமன் அருவியைக் கண்டு, காவலூர் வானாய்வு நிலையத்தையும் பார்த்துத் திரும்புவர். அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது. எண்ணிப் பார்க்கவும் இயலாத தொலைவிலுள்ள விண்மீன்கள் இம்மலையிலிருந்து கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால், இதே மலைத்தொடரின் சிற்றூர்களில் வாழ்வோருக்குச் சில மைல் தொலைவிலுள்ள மருத்துவமனை எட்டாத இடமாக இருந்து வந்திருக்கிறது.

சாலை இல்லாத ஊரில் ஒருவர் நோயுற்றால், மூங்கில் கழியில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, அதில் அவரைக் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோள் கொடுத்துச் சுமந்து இறங்குவது மலைமக்களின் வழக்கம். பேறுகால வலியில் துடிக்கும் தாயும், காய்ச்சலில் பிதற்றும் முதியவரும் இவ்வாறே கீழே கொண்டுவரப்பட்டுள்ளனர். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். ஓடைகளில் வெள்ளம் புரளும். இரவென்றால் தீப்பந்தமோ கைவிளக்கோதான் துணை.

2023ஆம் ஆண்டு மே மாதம், அணைக்கட்டு வட்டத்தில் இம்மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரியில் நிகழ்ந்ததை வாசகர் பலர் நாளேடுகளில் படித்திருப்பர். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. நல்ல சாலை இல்லாத காரணத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதமாகி, குழந்தை உயிரிழந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்புகையில் வண்டி ஊர் வரை செல்ல வழியில்லை. பெற்ற தாயே தன் பிள்ளையின் சடலத்தைக் கைகளில் ஏந்தி மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்தார். அந்தத் தாயை மனக்கண் முன் நிறுத்திக்கொண்டே, செபமும் சுகமும் பற்றி நாம் பேச வேண்டும். அவர் முன்னிலையில் சொல்லக் கூசும் எதையும் கோயிலிலும் சொல்லலாகாது.

அவர்களது விசுவாசம்

மாற்கு எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நாம் நன்கறிந்ததே. கப்பர்நகூமில் ஆண்டவர் இயேசு ஒரு வீட்டில் போதித்துக் கொண்டிருக்கிறார். வாசலிலும் இடமில்லாத கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகின்றனர். உள்ளே நுழைய வழியின்றிக் கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, கட்டிலோடு அவனை ஆண்டவர் முன் இறக்குகின்றனர். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் அவனுடைய பாவங்களை மன்னித்தார் என்றும், பின்னர் அவனை எழுந்து நடக்கச் செய்தார் என்றும் மாற்கு எழுதுகிறார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நோயாளி தொடக்கமுதல் இறுதிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆண்டவர் கண்டது 'அவனது' விசுவாசத்தை மட்டுமன்று, 'அவர்களது' விசுவாசத்தை. அது எங்கே தெரிந்தது? சுமந்து நோவெடுத்த தோள்களில். கூரை பிரித்த கைகளில். வழியில்லை என்று அவர்கள் திரும்பவில்லை, வழியை உண்டாக்கினார்கள். ஜவ்வாது மலையில் தூளி சுமப்போர் அந்நால்வரின் உடன்பிறப்புகள் என்று சொன்னால் அது மிகையாகாது.

திருச்சபை சொல்வது

நோயுற்றவர் திருச்சபையின் மூப்பரை அழைக்க வேண்டும் என்றும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி அவருக்காகச் செபிக்க வேண்டும் என்றும் யாகப்பர் தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பணிக்கிறார். நம் பாட்டன்மார் இத்திருவருட்சாதனத்தை 'அவஸ்தைப் பூசுதல்' என்றனர். ஆகவே குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்கு வந்தாலே வீட்டார் கலங்கினர். சாவுத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்திற்று. 1972ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். இன்று இதன் பெயர் 'நோயில் பூசுதல்'. கடும் நோய் கண்டவரும், பெரும் அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவரும், முதுமையால் தளர்ந்தவரும் இதைப் பெறலாம். கடைசி மூச்சு வரை காத்திருந்து குருவானவரை அழைப்பது நோயாளிக்கு நாம் செய்யும் அநீதி.

அதே வேளையில், மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நிலத்திலிருந்து மருந்துகளை விளையச் செய்தவர் இறைவன். மருத்துவரின் திறனும் அவர் தந்ததே. நோயாளி செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்பது அதன் சாரம். நற்செய்தி எழுதிய லூக்காஸே ஒரு மருத்துவர் என்பதைச் சின்னப்பரின் திருமுகத்தால் அறிகிறோம்.

சுகமளிக்கும் செபக் கூட்டங்கள் பெருகிய காலத்தில், 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் அறிவுரை வெளியிட்டது. சுகம் வேண்டிச் செபிப்பது நல்லது. ஆனால் அது ஆயரின் மேற்பார்வைக்கு உட்பட்டிருக்க வேண்டும். வெறியாட்டத்துக்கும் நாடகத்தன்மைக்கும் பரபரப்புக்கும் அங்கே இடமிருக்கலாகாது. செபம் மருத்துவத்தை விலக்குவதன்று என்று அது எடுத்துரைத்தது. மாத்திரையைத் தூக்கியெறி என்று மேடையில் ஒருவர் முழங்கினால், அது திருச்சபையின் குரலன்று.

அற்புதமும் ஆராய்ச்சியும்

அப்படியானால் அற்புதம் இல்லையா? உண்டு என்றே விசுவசிக்கிறோம். ஆனால், அற்புதத்தை எளிதில் ஒத்துக்கொள்ளாதவள் திருச்சபை. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. அங்கே 7,000க்கும் மேற்பட்டோர் தாம் குணமடைந்ததாக அறிவித்துள்ளனர். அவற்றுள் அற்புதமென 70ஆவதாக ஏற்கப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். பின்னாளில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பராக விளங்கிய லாம்பெர்த்தினி, 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்களே இன்றும் அடிப்படை. நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும். மருந்தால் குணம் வந்திருக்கலாகாது. அது திடீரென்றும் முழுமையாகவும் நிகழ்ந்து, நிலைத்திருக்கவும் வேண்டும்.

நம் தமிழகத்துக்கு அணித்தான சான்று புனித தேவசகாயம். 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் விசுவாசத்துக்காக உயிர் நீத்த அவர், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு ஆதாரமாக ஏற்கப்பட்டது ஒரு தாயின் செபமே. 2013ஆம் ஆண்டில், கருவிலிருந்த சிசுவிடம் உயிரின் அசைவில்லை என்று மருத்துவர் கைவிட்ட பின், அத்தாய் தேவசகாயத்தின் பரிந்துரையை வேண்ட, சிசு அசைந்தது. அந்தச் சான்றை மருத்துவரும் இறையியலாரும் ஆராய்ந்து முடித்த பின்னரே, 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை அங்கீகரித்தார். அற்புதத்தை மெய்ப்பிக்க முதலில் மருத்துவச் சான்று வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் நினைவில் கொள்க.

மன்றாட்டுக்கு வந்த மறுமொழி

இறைவனின் மறுமொழி ஒரே உருவில் வருவதில்லை. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர், பேறுகால வேதனையில் கிடந்த தம் மனைவியருக்குப் பெண் மருத்துவர் வேண்டுமென்று ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். ஆண் மருத்துவரை அனுப்ப அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தனர். அவ்வீட்டின் மகள் ஐடா ஸ்கடர் அன்றிரவு செபத்தில் தன் அழைப்பை உணர்ந்து, மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஜவ்வாது மலைமக்களிடையேயும் அது பல்லாண்டுகளாகச் சமூக நலப்பணி ஆற்றி வருகிறது.

நம் திருச்சபையிலும் இத்தகைய வரலாறு உண்டு. கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதை அக்காலத்துத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. தாய்மார் இறப்பதைக் கண்ட மருத்துவர் அன்னா டெங்கல் அம்மையார் போன்றோர் ஓயாது முறையிட்டனர். 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அதாவது லூர்து அன்னையின் திருநாளிலேயே, உரோமை அத்தடையை நீக்கிற்று. அதற்கு முன்பே திருத்தந்தையின் தனி அனுமதியோடு 1920இல் குண்டூருக்கு வந்து, கன்னியராகவும் மருத்துவராகவும் பணியாற்றிய மேரி குளோரி அம்மையார், 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்துக்கு வித்திட்டார். நம் மறைமாவட்டத்தின் சேத்துப்பட்டிலோ, லூர்து அன்னையின் ஆலயம் ஓங்கி நிற்கும் அதே ஊரில் தொழுநோயாளருக்கான புனித தோமையார் மருத்துவமனை அமைந்துள்ளது. ஆண்டவர் கைநீட்டித் தொட்டுக் குணமாக்கிய நோயை, இன்று கூட்டு மருந்து முழுமையாகக் குணமாக்குகிறது. கோயிலும் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பாம்புக்கடியும் அவ்வாறே. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் இதனால் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிவு மருந்து உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவோருள் முக்கியமானவர்கள், 1978இல் சென்னைக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் பழங்குடியினர். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனை சேர்ப்பதே வழி. செபத்தை வழியிலேயே சொல்லலாம். செபத்துக்காகப் பயணத்தை நிறுத்தலாகாது.

சுகம் வராதபோது

இனி, மிகக் கடினமான கேள்வி. செபித்தோம், சுமந்தோம், மருந்தும் கொடுத்தோம்; ஆயினும் இழந்தோம். அப்போது என் செய்வது? "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று துயருற்றோரிடம் சொல்லும் நாவு, புண்ணில் வேல் பாய்ச்சும் நாவு. சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் போதும் என்ற மறுமொழியே கிடைத்தது. தம் தோழர் துரோப்பீமுவை நோயுற்றவராகவே மிலேத்துவில் விட்டு வந்ததாக அவரே எழுதுகிறார். அவர்களுக்கா விசுவாசம் குறைவு? கெத்செமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகல வேண்டிய மகனுக்கே அது அகலவில்லையே! இறந்த குழந்தையை ஏந்தி நடக்கும் தாயோடு உடன் நடக்கிறவர், சிலுவை சுமந்த ஆண்டவர். அத்தாய் கேட்க வேண்டியது நம் விளக்கத்தையன்று. அவர் பக்கத்தில் நம் காலடி ஓசையை.

எனவே, அன்பு வாசகக் குடும்பங்களே, இந்த நோயாளர் தினத்தில் சில தீர்மானங்கள் செய்வோம். நம் பங்கில் படுக்கையில் கிடப்போர் யார் யார் என்று அறிந்து, குருவானவருக்குக் காலத்தோடு தெரிவிப்போம். மருத்துவமனைக்குத் துணையின்றிச் செல்லும் முதியவருக்குத் துணை போவோம். இரத்தம் தேவைப்படுவோருக்கு இரத்தம் கொடுப்போம். இரவில் ஆபத்து நேர்ந்தால் எங்கே செல்வது, பாம்புக்கடி மருந்து எங்கே உண்டு என்பதைக் கேட்டறிந்து வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம். மலையூர்களுக்குச் சாலையும் செவிலியரும் வேண்டுமென்று மலைமக்கள் குரலெழுப்பும்போது நம் குரலையும் சேர்ப்போம். மாலையில் செபமாலை சொல்லும்போது, தூளி சுமந்து இறங்கும் அந்தத் தோள்களையும் நினைத்து ஒரு பத்து மணி ஒப்புக்கொடுப்போம்.

கட்டிலுக்கு நான்கு மூலைகள். சுமக்க நால்வர் வேண்டும். மூவர் நிற்கும் இடத்தில் நான்காமவராக நாம் சென்று தோள் கொடுப்போமாயின், நம் செபத்தையும் ஆண்டவர் ஏற்றருள்வார். நோயுற்றோரின் ஆரோக்கியமாகிய அன்னை மரியாள் நமக்காக மன்றாடுவாளாக.