வரைபடக் கால்குலேட்டரும் வீட்டுப் பட்டறையும்

கால்குலேட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடைக் கல்லாவில் கிடக்கும் சிறு பெட்டிதான். அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் பையில் இருப்பதோ வேறு வகை. ஒரு சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டிவிடும். 1985-ஆம் ஆண்டு ஜப்பானின் காஸியோ நிறுவனம் இவ்வகையில் முதலாவதை வெளியிட்டது. 1990-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.ஐ-81 என்னும் கருவியுடன் களத்தில் இறங்கியது. சிங்கப்பூரில் ஏ லெவல் கணிதம் பயிலும் நம் சமுதாயப் பிள்ளைகளுக்கும் இது அறிமுகமான பொருளே.

இக்கருவிக்கு வீட்டிலேயே துணைக்கருவிகளைச் செய்து பூட்டும் ஆர்வம் இளைஞர்களிடம் முளைத்ததற்குக் காரணம் ஒரு சிறு துளை. 1992-இல் வந்த டி.ஐ-85-இன் அடிப்புறத்தில் 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள இணைப்புத் துளை இருந்தது. வாக்மேனில் காதொலிக் கருவியைச் செருகுவோமே, அதைவிடச் சற்றுச் சிறியது. இரண்டு கால்குலேட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக் கொள்வதற்காக நிறுவனம் வைத்த வாசல் அது.

அவ்வாசலில் நடக்கும் உரையாடலின் ஒழுங்கு வியப்புக்குரியது. பொதுக் கம்பியைத் தவிர இரண்டே கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் மின்னழுத்தம் உயர்ந்தே இருக்கும். பூஜ்யத்தை அனுப்ப விரும்பும் கருவி ஒரு கம்பியைத் தாழ்த்தும். பெற்றுக்கொண்ட கருவி மற்றக் கம்பியைத் தாழ்த்தி, 'கிடைத்தது' என்று தெரிவிக்கும். பிறகு இருவரும் கம்பிகளை விட்டுவிடுவர். ஒன்றை அனுப்புவதானால் கம்பிகள் இடம் மாறும், அவ்வளவே. ஸலாம் சொன்னவர் பதில் ஸலாம் வரும்வரை அடுத்த பேச்சைத் தொடங்காமல் நிற்பதைப் போன்றது இது. இருவருக்கும் பொதுவான கடிகாரம் தேவையில்லை. எத்துணை மெதுவான கருவியும் உரையாடலில் கலந்துகொள்ளலாம். வீட்டில் செய்த எளிய சுற்றுகள் இதனுடன் பேச முடிந்ததன் இரகசியம் இதுதான்.

முதலில் செய்யப்பட்டவை கம்பிகளே. கணினியுடன் இணைக்கும் கம்பியை நிறுவனம் தனியே விலைக்கு விற்றது. மாணவர்களோ சில டையோடுகளையும் கணினியின் பின்புறச் செருகியையும் கொண்டு தாமே பற்றவைத்துக் கொண்டனர்; வரைபடத்தையும் மற்றவர்களுக்கு இலவசமாக வழங்கினர். தாம் உருவாக்கிய பொறிகளின் செய்முறையை 1206-இல் நூலாக எழுதி வைத்த அல்-ஜஸரீயின் வழியில் வந்த பண்பு இது என்று நமக்குச் சொல்லத் தோன்றுகிறது. கம்பி வழியாகத் திருத்திய நினைவகப் பிரதியை உள்ளே அனுப்பி, 1994-இல் டி.ஐ-85-இல் இயந்திர மொழி நிரல்களை ஓட்டவும் கற்றுக் கொண்டனர். அதற்கு நிறுவனம் வழி வைத்திருக்கவில்லை!

2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்னும் சிறு பலகை இவ்வேலையை மேலும் இலகுவாக்கியது. கால்குலேட்டருடன் பேசும் நிரல் தொகுப்பொன்றைக் கிறிஸ்டோபர் மிட்செல் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கென எழுதி வெளியிட்டார். ஓர் எச்சரிக்கை: டி.ஐ-83 பிளஸ் போன்ற பழைய கருவிகளின் கம்பிகளில் ஏறத்தாழ 5 வோல்ட் உண்டு. 3.3 வோல்ட்டில் இயங்கும் புதிய பலகைகளை நேரடியாகப் பூட்டினால் அவை பழுதாகலாம். நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று அவசியம். 2015-இல் வந்த டி.ஐ-84 பிளஸ் சி.இ-யில் அந்தப் பழைய துளையே இல்லை என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் ஒருவர் டி.ஐ-84-இன் உறைக்குள் வை-ஃபை பலகையொன்றை மறைத்து வைத்து, செயற்கை நுண்ணறிவிடம் விடை கேட்கும் கருவியாக அதை மாற்றிக் காட்டினார். பற்றவைப்பில் அவருடைய கைத்திறன் உயர்வானதுதான். ஆயினும் தேர்வு மண்டபத்துக்குள் அதைக் கொண்டு செல்பவர் செய்வது மோசடி. அது ஹராம் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. இரவு பகலாகப் படித்து அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் இடத்தை அவர் பறிக்கிறார். தேர்வுக்கு முன் கால்குலேட்டரின் நினைவகத்தை அழித்துவிடும் வழக்கமும் இங்கே உதவாது. மறைந்திருக்கும் பலகைக்குத் தனி நினைவகம் உண்டே. உறையின் திருகுகளைக் கவனிக்கும் கண்தான் கண்காணிப்பாளருக்கு வேண்டும்.

இதற்காகப் பிள்ளையின் கையிலிருந்து பற்றவைப்புக் கோலைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. 1994-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமே வெப்பம், ஒளி முதலியவற்றை அளந்து கால்குலேட்டருக்கு அனுப்பும் ஆய்வுப் பெட்டியொன்றை வெளியிட்டது. மிட்செலின் நிரல் தொகுப்பைக் கொண்டு ஆர்டுயினோவையே அந்த வரிசைப் பெட்டியைப் போல் பேச வைக்கலாம்; கால்குலேட்டருக்குள் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வெப்ப உணரியைக் கோப்பைத் தேநீரில் நீர் புகாதவாறு இறக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்தால், தேநீர் முதலில் விரைந்தும் பின்னர் மெல்ல மெல்லவும் ஆறுகின்ற வளைகோடு திரையில் எழும்.