காய் களைதல்: இழப்பன்று, லாபமே

முள்ளிப்பட்டுத் தறிகளில் பட்டாக மாறும் நூலுக்கு மூலம் பட்டுப்புழு. அப்புழுவை வளர்ப்போர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. தட்டில் புழுக்கள் நெருக்கமாக இருந்தால் தீனி போதாமல் கூடுகள் சிறுத்துப்போகும். ஆகவே புழு வளர வளர, அதற்கு இடத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். கனிமரங்களுக்கும் இதே நியாயந்தான்.

மரத்தில் உள்ள இலைகள் சமைக்கும் உணவுக்கு ஓர் அளவு உண்டு. அதை ஐந்நூறு காய்கள் பங்கிட்டுக்கொண்டால் எல்லாமே சிறுக்கும். முந்நூறு காய்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் பருக்கும். மாமரம் தன் பிஞ்சுகளிற் பெரும்பகுதியைத் தானே உதிர்த்துவிடுகிறது. கொய்யாவோ பல வேளைகளில் தாங்கும் சக்திக்கு மேல் காய்த்துவிடும். முடிவில் பழம் சிறுத்து விலை குறையும். கிளையும் பாரம் தாங்காமல் முறியும். முறிந்த கிளை மீண்டும் உருவாக வருஷங்கள் செல்லும்.

ஆலிவ் பயிரிடும் நாடுகளில் இத்தொல்லை இன்னும் பெரிது. ஒரு வருஷம் மிகுதியாகக் காய்த்த மரம் மறுவருஷம் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். வளரும் காயின் விதையில் உண்டாகும் வளர்ச்சிப் பொருள்கள் அடுத்த பருவத்துப் பூமொட்டு தோன்றுவதைத் தடுப்பதே முக்கிய காரணம். ஆகையால் கலிபோர்னியாவில் ஊறுகாய்க்கான ஆலிவைக் காய்பிடித்த சில நாட்களிலேயே, கொட்டை இறுகுமுன், களைகிறார்கள். நம் நாட்டிலும் 2008இல் இஸ்ரேலின் தொழில்நுட்ப உதவியோடு ராஜஸ்தானில் ஆலிவ் நடப்பட்டது.

கொய்யா வளர்க்கும் அங்கத்தினர் செய்யவேண்டியது எளிது. கொய்யா புதுத் தளிரில், இலைக்கணுவில் ஒன்று முதல் மூன்று பூக்கள் வரை பூக்கும். காய்கள் கோலிக்குண்டளவு பருத்ததும் கணுவுக்கு ஒன்றை நிறுத்தி மற்றவற்றை நீக்கலாம். கோணலானவை, பூச்சி தீண்டியவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றை முதலிற் களைக. இழுத்துப் பறித்தால் தளிர் கிழியும்; கத்தரியால் காம்பை நறுக்குவதே நலம். பூச்சி விழுந்தவற்றை மரத்தடியில் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும். நட்டு ஓரிரு வருஷமே ஆன இளங்கன்றில் பூவையே நீக்கிவிடுதல் உத்தமம்.

களைந்த மரத்தின் மொத்த எடை சற்றுக் குறையலாம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பெரிய பழத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கும் சந்தையிலேதான் இம்முறை லாபம் தரும். எடுத்த எடுப்பில் தோப்பு முழுவதிலும் கைவைக்க வேண்டாம். ஒத்த வயதுடைய இரண்டு மரங்களைத் தேர்ந்து, ஒன்றில் மட்டும் காய் களையுங்கள். அறுவடையில் இரண்டின் பழங்களையும் பெரிது, சிறிது எனப் பிரித்து நிறுத்து, கிடைத்த பணத்தையும் கணக்கில் எழுதி வையுங்கள். அக்கணக்கைச் சங்கக் கூட்டத்தில் வைத்தால் ஒருவர் பெற்ற அநுபவம் எல்லோருக்கும் உதவும்.

காய்த்ததைக் கிள்ளி எறிய மனம் ஒப்பாமை இயல்பே. ஆயினும் எண்ணிக்கைக்குச் சந்தையில் விலையில்லை. தரத்துக்கே விலையுண்டு என்பது தறியில் அமர்வோருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.