நம் வீட்டுக் கணினியை நாமே பேணுவோம்



பால்மரம் வெட்டும் பெரியோரின் வேலையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மரத்தில் கத்தியை வைப்பதற்கு முன், வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை அவர்கள் உரித்தெடுப்பார்கள்; மங்கையும் துடைத்து வைப்பார்கள். இல்லையெனில் புதிய பால் சீராக ஓடாது. இதற்குப் பெரும் படிப்பு தேவையில்லை. தவறாது செய்யும் பழக்கமே தேவை. கணினியைப் பேணுவதும் இத்தகையதே ஆகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் திங்களில் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கியது. பிள்ளைகளின் கல்வி தடைப்படலாகாது என்று, நம் தோட்டப்புறப் பெற்றோர் பலர் பழைய கணினி ஒன்றையேனும் வாங்கித் தந்தனர். அது பழுதுபட்டால் சிரம்பானுக்கோ பகாவுக்கோ தூக்கிச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே, நாமே செய்யக்கூடிய பராமரிப்பை அறிந்து வைத்தல் நலம். அதற்குரிய மென்பொருள்கள் பெரும்பாலும் விலையின்றிக் கணினிக்குள்ளேயே அமைந்திருக்கின்றன.

முதலாவது, துப்புரவு. நாம் இணையத்தில் உலவும்போதும் மென்பொருள்களை இயக்கும்போதும் தற்காலிகக் கோப்புகள் பல உண்டாகின்றன. அவை சேரச் சேர இடம் நிறைந்து கணினி தளர்கிறது. விண்டோஸ் கணினியின் அமைப்புகளில் 'சிஸ்டம்' என்பதைத் திறந்து, 'ஸ்டோரேஜ்' என்னும் பகுதிக்குள் சென்றால் இக்கோப்புகளைக் கண்டு நீக்கலாம். ஓர் எச்சரிக்கை: அப்பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். நாம் இறக்கி வைத்த பாடங்களும் படங்களும் அதில் இருக்கக்கூடும். பாராமல் அதனைத் தெரிவு செய்யலாகாது.

இரண்டாவது, ஒழுங்குபடுத்துதல். ஒரு கதைப்புத்தகத்தின் ஏடுகளைப் பிரித்து நூலகத்தின் வெவ்வேறு அலமாரிகளில் வைத்தால், அதனைப் படித்து முடிக்க எத்துணை நேரம் ஆகும்! சுழலும் வன்தட்டில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்போது இதுவே நேர்கிறது. அத்துண்டுகளை ஒன்றுசேர்க்கும் கருவியும் விண்டோஸில் உண்டு. புதிய கணினிகளில் உள்ள திண்மநிலைத் தட்டில் சுழலும் உறுப்பு இல்லை. ஆதலின் அதற்கு இவ்வாறு அடுக்கும் வேலை தேவையில்லை. எந்தத் தட்டுக்கு எது தகும் என்பதை விண்டோஸே அறிந்து, வாரந்தோறும் தானே செய்துகொள்ளும்.

மூன்றாவது, காவல். நச்சுநிரல்களைத் தடுக்கும் 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' விண்டோஸிலேயே அடங்கியிருக்கிறது. அதனுடன் புதுப்பிப்பும் இன்றியமையாதது. 2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு குறையைச் சரிசெய்யும் புதுப்பிப்பை வெளியிட்டது. அதனை ஏற்காதிருந்த கணினிகளை மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீநிரல் தாக்கிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. இரண்டு திங்கள் சோம்பலுக்கு உலகம் கொடுத்த விலை அது! விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, ஏமாற்றைப் பற்றியும் கூற வேண்டும். நம் மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒருநாள், "உங்கள் கணினியில் நச்சுநிரல்கள் உள்ளன, உடனே பணம் செலுத்துக" என்று திரையில் செந்நிற எழுத்துகள் தோன்றின. தந்தையார் பதறிப் பணம் செலுத்த முற்பட்டார். "அப்பா, சற்றுப் பொறுங்கள், நம் கணினியில் இருப்பதை முதலில் ஓடவிட்டுப் பார்ப்போம்" என்றாள் மகள். டிஃபெண்டரை இயக்கினார்கள், நச்சுநிரல் ஒன்றுமே இல்லை! அச்சுறுத்திப் பணம் பறிக்கும் போலி அறிவிப்பே அது. பணம் போய்விட்டால் 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

நற்பெயர் பெற்ற துப்புரவு மென்பொருளும் சில வேளைகளில் ஆபத்தாகலாம். 2017இல் 'சிகிளீனர்' மென்பொருளின் ஒரு பதிப்பில் தீயோர் கள்ளத்தனமாகத் தீநிரலைப் புகுத்திவிட்டனர். 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் அப்பதிப்பு ஏறியிருந்தது. எனவே, தேவையின்றி ஒரு மென்பொருளையும் ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.

இவை யாவற்றையும் செய்தாலும் ஒருநாள் வன்தட்டு பழுதுபடக்கூடும். புதிய தட்டைக் கடையில் வாங்கிவிடலாம். தாத்தாவின் படத்தையும் அக்காளின் திருமணப் படத்தையும் எக்கடையில் வாங்குவது? ஆகவே அரிய கோப்புகளைத் திங்களுக்கு ஒருமுறை வெளித்தட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்துத் தனியே வைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நம் பெற்றோர் பலருக்குக் கணினி பழக்கமில்லாதிருக்கலாம். ஆனால் அதனை வாங்கித் தந்தது அவர்களின் வியர்வையே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு இவ்வேலைகளைச் செய்வோம். நாம் கற்றதை அவர்களும் கற்கட்டும். வருமுன் காப்போம், வளமுடன் வாழ்வோம்!