உங்களுக்குத் தெரியுமா? மணிவிழாவுக்கு முன் இடுப்பளவு

அறுபது நிறைந்தால் திருக்கடையூர் அபிராமி சந்நிதியில் மணிவிழா, எண்பதில் சதாபிஷேகம். இரண்டாவதற்கும் கைத்தடியில்லாமல் வர ஆசையா? டெல்டாக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாப்பாட்டு இலையைத்தான்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிக் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினர் செய்தது இவ்வளவுதான்: தினமும் அரை மணி நேர நடை, மாவுச்சத்தும் இனிப்பும் கொழுப்பும் குறைவு. அவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், எடை பெரிதாக இறங்கவேயில்லை! ஆகவே முதல் மாதம் எடை மெஷினைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பது வெறும் பேச்சு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் நடுவளவு 66 நாள். ஒரு மண்டலம்கூடப் போதாது! அதனால் ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள். காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை விடலாம். அதில் ஏறத்தாழ 20 கலோரி. அல்லது மறுசோற்றுக்குப் பதில் கூட்டு, பொரியல். பொன்னி அரிசியை வீட்டைவிட்டே துரத்த வேண்டியதில்லை. அப்படிச் சபதம் எடுத்தவர்கள் பொங்கல் வரைகூடத் தாங்குவதில்லை.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.