உப்பளத்துப் பிள்ளைகளும் இஸ்ரோவின் கோடை முகாமும்

ஆறுமுகநேரி வட்டாரத்தில் மே மாதம் என்றால் உப்பு வாரும் மாதம். அக்டோபரில் மழை விழுந்ததும் பாத்திகள் நிரம்பிவிடும். டிசம்பர் வரை வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆனாலும் மழைக்காலக் கடனை அடைப்பதும், ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கக் காசு சேர்ப்பதும் கோடை வெயிலில்தான். அதே மே மாதத்தில்தான் நாட்டின் முதன்மையான ஆய்வு நிறுவனங்கள் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கோடை முகாம் நடத்துகின்றன. விண்ணப்பமோ பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது. மே மாதம் செய்தித்தாளில் முகாம் படத்தைப் பார்த்து விசாரிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பும் கிடையாது, பிள்ளை 10-ம் வகுப்புக்குப் போயிருப்பான்.

நம் பகுதி மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இஸ்ரோ நடத்தும் 'யுவிகா' எனப்படும் இளம் விஞ்ஞானி திட்டம். 2019-ல் தொடங்கியது, கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும். தேர்வாகிறவர்கள் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம், ஸ்ரீஹரிகோட்டா போன்ற இஸ்ரோ மையங்களில் இரண்டு வாரம் தங்கி, ஆய்வுக்கூடங்களைப் பார்த்து, விஞ்ஞானிகளோடு பேசி, செய்முறைப் பயிற்சியும் பெறுவார்கள். உணவு, தங்குமிடம், பாடப்பொருள் எல்லாம் இலவசம்.

திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். அங்கே 2,233 ஏக்கரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமைய 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நாளை அந்த வளாகத்துக்குள் நம் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போகப்போகிறார்கள் என்ற கேள்வி இன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி. காவலாளி, துப்புரவு வேலைகளுக்கு ஆள் தேடும்போது நம் தெருக்களுக்குத் தானாகவே தகவல் வந்துவிடும். யுவிகா விண்ணப்பத் தகவல் அப்படி வருவதில்லை.

தேர்வு முறையைப் பார்ப்போம். 2024 அறிவிப்பின்படி, நூற்றுக்கு 50 பங்கு 8-ம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு. இணையவழி வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்கு அதிகபட்சம் 10, ஒலிம்பியாட் பரிசுக்கு 5, விளையாட்டுப் பரிசுக்கு 5, சாரணர், என்.சி.சி. உறுப்பினராக இருந்தால் 5. மீதி 15, பஞ்சாயத்துப் பகுதியில் உள்ள கிராமப்புறப் பள்ளியில் படிப்பவர்களுக்கு. சமமாக வந்தால் வயதில் இளையவருக்கு முன்னுரிமை.

இந்தப் பட்டியலில் சாதிக்கென்று ஒரு வரி இல்லை. ஆனால் சாதி வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அறிவியல் கண்காட்சிக்கு யாரை அனுப்புவது, சாரணர் படையில் யாரைச் சேர்ப்பது, விளையாட்டுக்கு யாரைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்வது பள்ளிதான். கைநீட்டும் பிள்ளையை விட்டுவிட்டு, பழகிய வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுகிற வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும், அங்கே ஒரு மாணவி 20 பங்கை 9-ம் வகுப்புக்கு வரும் முன்பே இழந்துவிடுகிறாள். ஆகவே பெற்றோர் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டிய காலம், பிள்ளை 6, 7-ம் வகுப்பில் இருக்கும்போது. மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து யார் பெயர் போகிறது என்று கேளுங்கள். அதில் தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். மாதிரியைச் செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்கலாம். யோசனைக்குத் தொலைவில் அலைய வேண்டாம். உப்பளத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயில், காலில் வெடிக்கும் புண், குடிதண்ணீரில் ஏறும் உப்பு எல்லாமே ஆராய்ச்சிக்குரிய பொருள்கள்தான். இதைப் பற்றி நம் பிள்ளைக்குத் தெரிந்த அளவு நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாது.

பஞ்சாயத்துப் பகுதிக்கான அந்த 15 பங்கில் ஒரு சிக்கல் உண்டு. ஆறுமுகநேரி பேரூராட்சி. பெயரில் ஊராட்சி இருந்தாலும் சட்டப்படி அது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு. சுற்றியுள்ள கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியின் நிலை வேறு. வீடு எங்கே என்பது கணக்கில்லை, பள்ளி எங்கே என்பதுதான் கணக்கு. தலைமை ஆசிரியரிடம் இதை எழுத்துப்பூர்வமாக உறுதி செய்துகொண்ட பிறகே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். சான்று சரிபார்க்கும்போது தவறென்று தெரிந்தால் கைக்கு வந்த இடமும் போய்விடும். பேரூராட்சியின் குடிசைத் தெருவில் இருந்து படிக்க வருகிற பிள்ளையை 'நகரம்' என்று கணக்கிடுவது நியாயமா என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.

11-ம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுப்பவர்களுக்கு இன்ஸ்பயர் திட்டத்தின் ஐந்து நாள் முகாம்கள் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கே இடம். 1999-ல் தொடங்கிய கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் திட்டம் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இப்போது செல்போனில் இன்னொரு வகை விளம்பரம் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, 'உங்கள் பிள்ளை தேர்வாகிவிட்டது' என்று வாழ்த்தி, சில லட்சம் கட்டச் சொல்லும். அமெரிக்காவில் 1984-ல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடைகால ஆராய்ச்சித் திட்டம் உலகப் புகழ் பெற்றது. ஆறு வாரம், ஏறக்குறைய நூறு மாணவர்கள்தான், பயிற்சிக் கட்டணம் கிடையாது. எடை போட இந்த ஒன்று போதும். 1913-ல் பரோடா சமஸ்தானம் அண்ணல் அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோதும், மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அவருக்குக் கொடுத்தது, அவரிடம் வாங்கவில்லை. திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது.

கடைசியாக, கையிருப்பு பற்றி. யுவிகா மாணவருக்கும், கொண்டுவிட்டு அழைத்துவரும் ஒரு பெற்றோருக்கும் பயணச் செலவை இஸ்ரோ தருகிறது. ஆனால் முன்பணமாக அல்ல; முதலில் நாம் செலவழிக்க வேண்டும். அதற்கும், முகாமுக்குக் கூட்டிப்போகிற நாள்களில் போகும் கூலிக்கும் சேர்த்து, ஊர்ச் சங்கமோ படித்து வேலைக்குப் போன அண்ணன்மார்களோ சில ஆயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தால் பயணம் தடைபடாது. மூலப் பயணச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அதைக் காட்டினால்தான் பணம் திரும்பும்.