மலையக வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த மிடி இடைமுகம்?

திருவிழா மேடையில் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர் வீட்டிலேயே சொந்தப் பாட்டு அமைக்க உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி, கீபோர்டைக் கணினியோடு எப்படி இணைப்பது என்பதுதான். பழைய கீபோர்டின் பின்புறத்தில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான வாய்கள் இருக்கும். லெப்டொப்பில் இருப்பதோ யூஎஸ்பி வாய். இரண்டையும் இணைக்கும் சிறு கருவியே மிடி இடைமுகம்.

எல்லயிலோ பசறையிலோ இருப்பவர் பெரும்பாலும் இதை இணையத்திலோ கொழும்புக் கடையிலோ வாங்க நேரும். பிழையானதை வாங்கிவிட்டால், மாற்றிவரப் பயணத்திலேயே நாள்கள் போய்விடும். ஆகவே காசைக் கொடுக்கும் முன்பே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

மிடி எதைக் கடத்துகிறது?

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் கீபோர்டும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டும் மிடி மூலம் இணைத்துக் காட்டப்பட்டன. இந்தப் பொதுமுறையை உருவாக்க முன்னின்ற டேவ் ஸ்மித்துக்கும் இக்குதாரோ கக்கேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி வயரில் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது போன்ற தகவல் மட்டுமே போகிறது. அதனால் தவறாக விழுந்த ஒரு சுரத்தைப் பிறகு தனியாகத் திருத்தலாம். பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் ஒரே சுவர் இருக்கும் லயக் காம்பராவில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் வேலை செய்யலாம்.

ஆனால் தப்பு என்ற தோற்கருவியின் அதிர்வையும் காமன் கூத்துப் பாடகரின் குரலையும் மிடியால் பதிய முடியாது. அவற்றுக்கு மைக்கும் ஆடியோ இடைமுகமும் வேண்டும். இரண்டு தேவையும் உள்ளவர்கள், மிடி வாய்களும் சேர்ந்திருக்கும் ஆடியோ இடைமுகம் ஒன்றையே வாங்குவது நல்லது. ஸ்டைன்பேர்க் யூஆர்22சி, பிரிசோனஸ் ஆடியோபொக்ஸ் யூஎஸ்பி 96 ஆகியவை அந்த வகை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் கீபோர்டின் பின்புறத்தைப் பாருங்கள். ‘யூஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்ற வாய் இருந்தால் சாதாரண யூஎஸ்பி வயரே போதும். மிடிக்காகத் தனி இடைமுகம் வாங்கத் தேவையில்லை.

இல்லையென்றால், தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இல்லாமலே இயங்கும் இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனம் டிரைவரைப் புதுப்பிப்பதை நிறுத்தினாலும் இவ்வகை தொடர்ந்து இயங்கும். பல அண்ட்ராய்ட் போன்களிலும் ஓடிஜி வயர் வழியாக வேலை செய்யும். ரோலண்ட் யூஎம்-வன் எம்கே2இல், டிரைவர் இல்லாமல் இயங்கும் நிலைக்கு மாற்றவென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

அடுத்தது, உள்ளே ஒளியிணைப்பான் இருக்கிறதா என்பது. மிடியின் உள்வாயில் தகவல் ஒளியாக மாறிக் கடக்க வேண்டும் என்பது விதி. கீபோர்டையும் கணினியையும் மின்சார ரீதியாகப் பிரித்துவைத்து, இரைச்சலைத் தடுப்பது அந்தப் பாகம்தான். பெயரில்லாத மலிவு வயர்கள் சிலவற்றில் அது விடப்பட்டிருக்கும். நீளமான தகவல் வரும்போது அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் வயர்களும் உண்டு.

கைக்கு வந்ததும் சோதியுங்கள்

இடைமுகத்தின் ‘அவுட்’ கீபோர்டின் ‘இன்’னுக்குப் போக வேண்டும், மற்றது அதற்கு எதிர்த்திசையில். சில வயர்களில் முனையின் பெயருக்குப் பதிலாக, அது செருக வேண்டிய வாயின் பெயரை அச்சிட்டிருப்பார்கள். இயங்காவிட்டால் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதனால் கருவி கெடாது.

பிறகு பத்து விரலாலும் அழுத்துங்கள், வேகமாக வாசியுங்கள், பெடலை மிதித்தபடி சுருதிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தாலோ சில சுரங்கள் காணாமல் போனாலோ, உத்தரவாதக் காலம் முடியுமுன் திருப்பி அனுப்புங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருள், வரும் தகவல் ஒவ்வொன்றையும் திரையில் காட்டும்.

கட்டையை அழுத்திச் சற்றுத் தாமதித்துச் சத்தம் கேட்டால் உடனே இடைமுகத்தைக் குறை சொல்ல வேண்டாம். மிடி ஒரு செக்கனுக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது; ஒரு சுரத்தின் தகவல் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் போதும். காது உணரும் தாமதம் பெரும்பாலும் கணினியின் ஆடியோ அமைப்பில்தான் பிறக்கிறது. விண்டோஸில் ஏசியோ டிரைவரைத் தெரிவுசெய்து, பஃபர் அளவைக் குறைத்தால் அது தணியும்.

இடி மின்னல் மாதங்கள்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஊவா மலைகளில் பிற்பகல் இடி வழக்கம். ஒளியிணைப்பான் மின்னலைத் தாங்காது. வானம் இருண்டதும் கீபோர்டின் அடாப்டரையும் லெப்டொப்பின் சார்ஜரையும் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

தோட்டத்து இளைஞருக்கு இந்தச் செலவு சிறியதல்ல. கீபோர்டை மட்டும் இணைப்பதென்றால் டிரைவர் வேண்டாத, ஒளியிணைப்பான் உள்ள, உத்தரவாதத்தோடு வரும் எளிய இடைமுகம் போதும். குரலையும் தப்பையும் பதிவதென்றால், அந்தக் காசைச் சேர்த்துவைத்து மிடி வாயுள்ள ஆடியோ இடைமுகமாக வாங்குங்கள். மலையகத்தின் சொந்த இசை அதிகமும் குரலிலும் தோற்கருவியிலும்தான் இருக்கிறது. அதைப் பதியும் கருவிக்கே முதல் செலவு போக வேண்டும்.