பூனைக்குப் பசிக்கிறதே என்று பால் சோறு போடலாமா?



சர்க்கரை நோயைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாமனாருக்கு மாத்திரை, மாமியாருக்கு ஊசி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்று வீட்டுக்கு வீடு பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 'பூனைக்குச் சர்க்கரை' என்றால் மட்டும் எல்லோரும் சிரிக்கிறார்கள். "ஏனுங்க்கா, அதுக்கென்ன ஜிலேபியா வாங்கிப் போட்டீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கேட்டாள். பூனை வளர்க்கும் தோழிகளுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஜிலேபி போட்டாலும் பூனைக்கு அதன் ருசி தெரியாது! இனிப்பை உணரும் சக்தி பூனை நாக்குக்கு இல்லை என்பதை 2005-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இந்த நோய் இனிப்பு தின்று வருவதல்ல. வயது ஏறிய, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்து கொழுத்த பூனைகளுக்கு அதிகம் வருகிறது. அதிலும் கருத்தடை செய்த கடுவன் பூனைகளுக்கு இன்னும் அதிகம். அரிப்புக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் போனாலும் வரலாம்.

அடையாளம் நமக்குத் தெரிந்ததுதான். அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். 4 கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளில் 200 மில்லிக்கு மேல், அதாவது ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பொடக்காலியில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கலாம். பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்துத் தள்ளாடி நடந்தால், நோய் நரம்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போவது.

கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பயத்திலேயே பூனைக்கு ரத்தச் சர்க்கரை ஏறிவிடுமாம். அதனால் ஒரு தடவை எடுத்த ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்கள். சிறுநீரையும் பார்த்து, முந்தைய ஓரிரு வாரச் சர்க்கரையைக் காட்டும் 'ஃப்ரக்டோசமைன்' பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

இனி பசிக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கடுவனுக்கு 10 வயது. சர்க்கரை என்று தெரிந்த புதிதில் விடியற்காலை 4 மணிக்கே சமையலறை வாசலில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிடும். என் மாமியாருக்கு மனசு கேட்காது. "ஏங் கண்ணு, வாயில்லாச் சீவன் இப்படிக் கத்தீட்டே கெடக்குது. ரெண்டு வாய் பால் சோறு போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?" என்பார். அவர் கேட்டதில் தப்பில்லை. கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்குப் பால் சோறுதானே போட்டு வளர்த்தோம்! அந்தக் காலத்துப் பூனை களத்திலும் குதிருக்கு அடியிலும் எலி பிடித்துத் தின்றது. பால் சோறு மேலுக்குத்தான். இப்போது அடுக்கு மாடிப் பூனைக்கு எலி எங்கே இருக்கிறது?

டாக்டர் சொன்ன விளக்கம் இதுதான். பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏராளமாக ஓடுகிறது. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது உடம்பில் சேர்வதில்லை. குதிர் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது போலத்தான். அந்தப் பசி நிஜமான பசி, ஆனால் சோற்றால் அடங்காத பசி. சோறு போடப் போடச் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏற ஏறப் பசியும் ஏறும். இன்சுலினும் சரியான தீனியும் சேர்ந்தால்தான் அடங்கும். எங்கள் கடுவன் கத்துவது குறைய ஐந்தாறு வாரம் ஆனது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதுதான்.

பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் ஜீவன். சோறு, பால், பிஸ்கட், மாவு சேர்ந்த உலர் தீனி எல்லாம் சர்க்கரைப் பூனைக்கு ஆகாது. வேகவைத்த கோழி, மீன், முட்டை, டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் ஈரத் தீனி ஆகியவை நல்லது. பல்லடத்துக் கறிக்கோழியும் நாமக்கல் முட்டையும் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேராமல் தனியாக வேகவைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழித்துவிடும். ஈரல் தினமும் வேண்டாம். வெறும் கறி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது, எனவே முழுச் சத்துள்ள ஈரத் தீனியும் சேர வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். ஒரு டம்ளர் பாலிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும்! நாள் முழுவதற்கும் ஆன தீனியைக் காலையிலேயே அளந்து டப்பாவில் போட்டு, நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஈரத் தீனியில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தால் வயிறு கொஞ்சம் நிறையும். குடிக்கிற தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிடுங்கள். நம் வீட்டுத் தட்டை விட அவர்கள் வீட்டுத் தட்டு பூனைக்கு எப்போதும் ருசி!

தீனியை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். சோற்றை நிறுத்தியதும் சர்க்கரை குறையும், அப்போது பழைய அளவு இன்சுலின் அதிகமாகிவிடும். ஊசி 12 மணி நேர இடைவெளியில் இரு வேளை. முதலில் தீனி வையுங்கள், அது தின்பதைக் கண்ணால் பாருங்கள், பிறகு ஊசி. தின்னவில்லை என்றாலோ வாந்தி எடுத்தாலோ ஊசி போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். நம் ஊரில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகையாக வருகிறது. அந்தந்த மருந்துக்கு அந்தந்த ஊசிக்குழல்தான். மாறினால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். மாமியாருடைய மாத்திரையை உடைத்துக் கொடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பூனை திடீரெனத் தள்ளாடினால், துவண்டால், வலிப்பு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது எனலாம். தேனையோ குளுக்கோஸையோ ஈறில் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

புரட்டாசி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். அந்த மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது. "ஒரு மாசம் அதுவும் சாமிக்கு வெரதம் இருக்கட்டும்" என்றார் மாமியார். ஆனால் பூனையால் விரதம் இருக்க முடியாதே! குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கு ஆபத்து. கடைசியில் பொடக்காலித் திண்ணையில் அதற்கென்று தனித் தட்டு, பாக்கெட் தீனி, கழுவத் தனிப் பாத்திரம் என்று ஏற்பாடு செய்தோம். சமையலறைக்குள் எதுவும் வரவில்லை. மாமியாரும் ஒத்துக்கொண்டார்.

கத்துகிற பூனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கத்தாத நாளில்தான் பயப்பட வேண்டும். சர்க்கரைப் பூனை திடீரென்று தின்ன மறுத்து, வாந்தியும் எடுத்து மூலையில் படுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உள்ளூர் டாக்டர் பெரிய இடம் போகச் சொன்னால், நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை வளாகம் உண்டு.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துத் தீனியையும் ஊசியையும் ஒழுங்காகக் கவனித்தால், சில பூனைகளுக்கு ஊசியே நின்றுவிடுவதும் உண்டாம். எங்கள் கடுவனுக்கு இன்னும் நிற்கவில்லை. ஆனால் எடை ஏறியிருக்கிறது, கால் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது. காலையில் அதற்குத் தீனி அளந்து வைப்பது இப்போது என் மாமியார்தான். ஒரு கிராம் கூட விடமாட்டார்!

உங்கள் வீட்டுப் பூனை நிறையத் தின்றும் இளைக்கிறதா? இந்த வாரமே ஒருமுறை சிறுநீரையும் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள், தோழிகளே.

— ஒரு வாசகி, கோவை.